மடக்குக் கத்தி வாங்குமுன்: ஒரு பினாங்கு சாணைக்காரரின் கேள்வி பதில்

ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் கடைகளுக்கும் இறைச்சிக் கடைகளுக்கும் சாணை பிடிப்பது என் பிழைப்பு. விலை கூடிய மடக்குக் கத்திகள் என் கிறுக்கு. இந்த வாரம் அந்தக் கிறுக்கைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சமையல் கத்திக் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

குமரன், பட்டர்வொர்த்: அண்ணே, கிரிஸ் ரீவ் செபென்சா 31 மடக்குக் கத்தி, பெரியது, ஒருவர் தான் பயன்படுத்தியதை விற்கிறார். இரண்டாயிரம் ரிங்கிட்டுக்குப் பக்கம் கேட்கிறார். அதில் அப்படி என்னதான் இருக்கிறது? எதைப் பார்த்து வாங்குவது?

தம்பி, முதலில் நல்லதைச் சொல்கிறேன். கிரிஸ் ரீவ் தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோவுக்குப் போய்த் தொழில் நடத்தியவர். டைட்டானியப் பிடியிலேயே ஒரு நாக்கை அறுத்து, அந்த நாக்கையே பூட்டாக்கியது அவர் கைவரிசை. பிடியை இறுக்க இறுக்க உங்கள் விரலே பூட்டை உள்ளே தள்ளும். இன்று விலை கூடிய கத்தி செய்கிற பாதிப் பேர் அந்த வழியில்தான் போகிறார்கள். 31இல் நாக்கின் நுனியில் ஒரு செராமிக் குண்டு இருக்கும். அலகின் அடியைத் தொடுவது அந்தக் குண்டுதான். டைட்டானியம் எஃகோடு ஒட்டிக்கொண்டு, பூட்டைத் தள்ளும்போது வறட்டுச் சத்தம் போடும் பழைய தொல்லை அதனால் போயிற்று.

இனி குறை. வழுவழுப்பான டைட்டானியப் பிடி நம் ஊர் வேர்வையில் நழுவும். எடை 130 கிராமுக்கு மேல், மெல்லிய கால்சட்டையை இழுக்கும். பெஞ்ச்மேட் கம்பெனியின் பகவுட் கத்தி 52 கிராம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம், புதிதாக வாங்குகிறவர்கள் எல்லாரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "திறக்கவே மாட்டேன் என்கிறது." கத்தியில் குற்றம் இல்லை. கட்டைவிரலால் குமிழைத் தள்ளும் அதே நேரத்தில் நடுவிரல் பின்பக்கம் பூட்டு நாக்கை அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு விரல் திற என்கிறது, இன்னொரு விரல் திறக்காதே என்கிறது. நடுவிரலைக் கிளிப்பின் மேல் நகர்த்திப் பாருங்கள், அலகு சொன்னபடி வரும்.

கையில் வாங்கியதும் அலகைத் திறந்து, நுனிக்குச் சற்றுக் கீழே முதுகைப் பிடித்து இடம் வலம் அசையுங்கள். அப்புறம் மேலும் கீழும். இடவல ஆட்டம் பெரும்பாலும் திருகை இறுக்கினால் போய்விடும். மேல்கீழ் ஆட்டம் பூட்டின் கோளாறு, அதை விட்டுவிடுங்கள். சிலர் முதுகை மேசையில் ஓங்கித் தட்டிப் பூட்டைச் சோதிப்பார்கள். அடுத்தவர் கத்தியில் அந்த வேலை வேண்டாம், உங்கள் கத்தியிலும் வேண்டாம். மடக்கிப் பார்த்தால் அலகு நடுவில் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை விலகல் கண்ணுக்குத்தான் குறை, பக்கச் சுவரில் உரசினால்தான் நிஜக் குறை. கடைசியாகக் கூரின் சரிவை இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல், நுனி கொஞ்சம் உருண்டை என்றால் யாரோ மின் சாணையில் கொடுத்திருக்கிறார்கள். விலையைக் குறையுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

ரவி (பிரிக்ஃபீல்ட்ஸ்), இன்னும் மூன்று பேர்: எம்390, எஸ்30வி, மேக்னாகட், இதில் எது சிறந்த எஃகு?

சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். எஃகின் பெயர் கூர் எத்தனை நாள் நிற்கும், துருப்பிடிக்குமா, உடையுமா என்பதைச் சொல்லும். வெட்டுமா என்பதைச் சொல்லாது. வெட்டுவது வடிவம். கூருக்குச் சற்று மேலே அலகு எத்தனை தடிமன் என்று பாருங்கள். அரை மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நல்லது. முக்கால் மில்லிமீட்டர் என்றால் எந்த எஃகும் உங்களைக் காப்பாற்றாது.

ஒரு பெரிய காரட்டை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். மெல்லிய அலகு கடைசிவரை சத்தமில்லாமல் இறங்கும். தடித்த அலகு பாதி வழியில் ஆப்பாக மாறி, காரட் 'டக்'கென்று பிளந்து ஒரு துண்டு தெறிக்கும். இரண்டு கத்தியும் கை முடியை ஒரே மாதிரி மழிக்கும், அதனால் மயிர் சோதனையை நம்பாதீர்கள். எஃகு எஃகு என்று பேசுகிறவர்கள் காரட் வாங்குவதில்லை.

மேக்னாகட் நல்ல எஃகுதான், மறுக்கவில்லை. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021இல் வெளிவந்தது. அதில் குரோமிய கார்பைடு (குரோமியம் கரியோடு சேர்ந்து உருவாகும் கடினத் துகள்) இல்லாதபடி கலவையை அமைத்ததால், குரோமியம் முழுவதும் துருவைத் தடுக்கும் வேலைக்குக் கிடைக்கிறது. நம் கடற்கரை ஊருக்கு அது லாபம். ஆனால் தடித்த மேக்னாகட்டை விட மெல்லிய 14சி28என் எஃகு நன்றாகவே வெட்டும்.

மாலதி, சுங்கை பூலோ: ஐயா, பையில் வைத்துக்கொண்டு போனால் போலீஸ் பிடிக்குமா?

பிடிக்கலாம் அம்மா. 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய சட்டம். நியாயமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறை, பிரம்படி வரை போகும். மடக்குக் கத்திக்கு விலக்கு என்று நினைக்க வேண்டாம். வேலைக்கான கத்தி வேலைப் பெட்டியில் இருக்கட்டும். கோயில் திருவிழாவுக்கோ இரவுச் சந்தைக்கோ இடுப்பில் செருகிக்கொண்டு போகாதீர்கள். பொத்தானை அழுத்தினால் தானே பாயும் கத்தியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவே வேண்டாம், சுங்கத்தின் தடைப்பட்டியலில் இருக்கிறது. இதற்கு மேல் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

செல்வா, பாயான் லெப்பாஸ்: அண்ணே, நான் சிஎன்சி கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவன். அலகு சுழலும் இடத்தில் குண்டு பேரிங் வைத்த கத்தி ஒரு சுண்டலில் திறக்கிறது. செபென்சாக்காரர்கள் இன்னும் வெண்கல வாஷரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பழைய மோகம்தானே?

மோகம் இல்லை. வாஷர் அகலமான பரப்பில் உட்காரும். குண்டு ஒரு புள்ளியில் உட்காரும். டைட்டானியம் கடினப்படுத்திய எஃகு அளவுக்குக் கடினம் இல்லை. குண்டுகள் நேராக அதன் மேல் ஓடினால் வட்டமாகத் தடம் விழுந்துவிடும்.

செல்வா: குண்டுக்கு அடியில் கடினப்படுத்திய எஃகுத் தட்டு வைத்தால்?

வைத்தால் தடம் விழாது, சரி. நல்ல கம்பெனிகள் வைக்கின்றன. ஆனால் பாக்கெட் நூலும் வேர்வை உப்பும் உள்ளே போவதைத் தட்டு தடுக்காதே.

சிவா, பிறை: நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். எங்கள் போர்க்லிப்ட் பேரிங் சேற்றிலேயே ஓடுகிறது, நூலுக்குப் போய்ப் பயப்படுவதா?

போர்க்லிப்ட் பேரிங்குக்கு சீல் உண்டு, உள்ளே கிரீஸ் நிறைந்திருக்கும். கத்தியில் இருப்பது பெரும்பாலும் மெல்லிய கூண்டில் அடைத்த திறந்த குண்டுகள். சீல் வைக்க அங்கே இடம் ஏது?

செல்வா: அண்ணே, பேச்சை மாற்றாதீர்கள். என்னிடம் உள்ள வாஷர் கத்தியை இறுக்கினால் திறக்காது, தளர்த்தினால் ஆடும். இது என்ன பெருமை?

அப்படி வாருங்கள்! இறுக்கினால் நிற்கிறது, தளர்த்தினால் ஆடுகிறது என்றால் இரண்டு முகமும் இணையாக இல்லை என்று அர்த்தம். சிஎன்சிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? அலகின் இரு பக்கமும், பிடியின் உள்முகமும் ஒன்றுக்கொன்று இணையாகத் தேய்த்திருந்தால், ஆட்டம் போகும்வரை இறுக்கிய பிறகும் அலகு வழுக்கிக்கொண்டு வரும். செபென்சாவுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்தத் தேய்ப்புக்குத்தான் போகிறது. பேரிங்கோ சுமாரான தேய்ப்பை மறைத்துவிடும். நூற்றைம்பது ரிங்கிட் கத்திகூடச் சுண்டினால் பறக்கும், வாங்குகிறவர் அதைத் தரம் என்று நினைத்துக்கொள்வார்.

செல்வா: மறைப்பதும் ஒரு தொழில்நுட்பம்தான் அண்ணே. குறைந்த விலையில் நல்ல ஓட்டம் கிடைத்தால் வாங்குகிறவருக்கு என்ன நஷ்டம்?

நூற்றைம்பது ரிங்கிட் கத்தியில் நஷ்டம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட் கேட்டுவிட்டு அதையே செய்தால் நஷ்டம்தான். உங்கள் வாஷர் கத்தியைக் கொண்டு வாருங்கள், முகத்தில் மை தடவித் தேய்த்து எங்கே தொடுகிறது என்று சேர்ந்தே பார்ப்போம். இதோடு பேரிங் விவகாரம் முடிந்தது. இதைப் பற்றி வந்த மற்ற ஆறு கேள்விகளுக்குப் பதில் மேலே இருக்கிறது.

கண்ணன், பாலிக் புலாவ்: இதில் டுரியான் பிளக்கலாமா?

கூடாது. டுரியான் ஓட்டில் கத்தியைச் செருகித் திருப்பித்தான் பிளப்போம். மடக்குக் கத்தியின் நுனியும் சுழலாணியும் பக்கவாட்டுத் திருப்பலுக்குச் செய்ததல்ல. உங்கள் ஊரிலேயே அதற்கென்று தடித்த கத்தி விற்கிறார்கள்.

பாபு, பத்து மாவுங்: தூண்டில் போடுகிறவன் நான். டி2 எஃகுக் கத்தி ஒரே வாரத்தில் புள்ளி புள்ளியாய்த் துரு. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. டி2வில் குரோமியம் 12 விழுக்காடு அளவில் இருந்தாலும், கரி ஒன்றரை விழுக்காடு. குரோமியத்தில் நிறைய கார்பைடாகிப் போய்விடுகிறது, துருவைத் தடுக்க மிச்சம் போதாது. உப்புத் தண்ணீருக்கு எல்சி200என் எஃகில் ஸ்பைடர்கோவின் சால்ட் வரிசையைப் பாருங்கள், நைட்ரஜன் கலந்தது. எந்தக் கத்தியானாலும் வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், சுழலாணியில் ஒரு சொட்டு எண்ணெய்.

லோகன், ஈப்போ: கூர் போய்விட்டது. சந்தையில் மெஷினில் இரண்டு நிமிடத்தில் பிடித்துத் தருகிறார்களே?

அந்த இரண்டு நிமிடத்தில்தான் கத்தி செத்துப்போகும். காகிதத் தடிமன் உள்ள விளிம்பு காய்ந்த சக்கரத்தில் ஒரு நொடியில் சூடேறும். சூட்டில் ஏறும் நீல நிறம் தெரியாவிட்டாலும் விளிம்பின் கடினம் இறங்கியிருக்கும். சாணைக்காரன் நானே சொல்கிறேன், விலை கூடிய மடக்குக் கத்தியை எந்த மின் சாணையிலும் கொடுக்காதீர்கள், என்னுடையதிலும்கூட. எஸ்30வி, எம்390, மேக்னாகட் மூன்றிலும் வனேடிய கார்பைடு உண்டு, சாதாரணக் கல்லை விடக் கடினம். வைரத் தகடு ஒன்று வாங்குங்கள். பக்கத்துக்குப் பதினேழு பாகை, மெதுவாக, தண்ணீர் விட்டு.

தினேஷ், கிள்ளான்: அண்ணே, எம்390 நல்லதா, மேக்னாகட் நல்லதா?

காரட் வாங்குங்கள்.

ஷாந்தி, தஞ்சோங் தோக்கோங்: டுரியான் வேண்டாம் சரி, பெயிண்ட் டப்பா மூடி?

ஸ்பேனர் பெட்டியில் பழைய ஸ்குரூடிரைவர் இருக்குமே அம்மா. நெம்புகிற வேலை எதுவும் வேண்டாம்.

அருள், பினாங்கு: நான் இடக்கைப் பழக்கம். எல்லாம் வலக்கைக்காரனுக்கே செய்கிறார்கள்.

செபென்சாவை இடக்கைக்கென்றே செய்கிறார்கள், கேட்டு வாங்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் பெஞ்ச்மேடின் ஆக்ஸிஸ் பூட்டு இரண்டு கைக்கும் ஒன்றுதான், குறுக்குக் கம்பியை எந்தப் பக்கமிருந்தும் இழுக்கலாம். அதன் குறை, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் நாளடைவில் ஒடியும். இரண்டில் ஒன்று ஒடிந்தாலும் மற்றது தாங்கும். அதற்குள் மாற்றிவிடுங்கள்.