வெல்ஷ் மாமாவுக்கு ஊர்ச் செய்தி எங்கே கிடைக்கும்?

கேள்வி: நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். என் கணவரின் அப்பா வேல்ஸில் அபெரிஸ்ட்வித் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், கனடா வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. மாமி தவறியதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். வெல்ஷ் நன்றாகப் பேசுவார், ஆனால் இங்கே பேச ஆளில்லை. ஊரில் என்ன நடக்கிறது, இந்தப் பக்கம் அவர்களுக்கென்று விழா ஏதாவது உண்டா என்று தேடினால் காலாவதியான அறிவிப்புகளும் வம்சாவளி தேடித் தருகிற தளங்களும்தான் வருகின்றன. எங்கிருந்து தொடங்குவது? ஒன்பது வயது மகளையும் கூட்டிப்போகிற மாதிரி இருந்தால் நல்லது.

பதில்: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தருகிற இணையதளம் ஒன்று எங்கோ இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். அந்த நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். வேல்ஸை விட்டுப் போனவர்களின் உலகம் ஒரு பத்திரிகையைச் சுற்றி ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1851-ல் நியூயார்க்கில் ‘அ ட்ரீக்’ என்ற வெல்ஷ் பத்திரிகை தொடங்கி நூற்றைம்பது வருடம் வந்தது. 1975-ல் ‘நின்னாய்’ என்று இன்னொன்றை நியூஜெர்சியில் தொடங்கியவர் அர்ஜென்டினாவில் பிறந்த வெல்ஷ் வம்சத்து ஆர்ட்டுரோ ராபர்ட்ஸ். 2003-ல் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. வட அமெரிக்கச் சங்கங்களின் விருந்து, பாட்டுக் கூட்டம், இரங்கல் செய்தி எல்லாம் அதில் வரும், ஒரு சந்தா கட்டிப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் உங்கள் மாமாவின் ஏக்கம் அதனால் தீராது. அவருக்கு வேண்டியது ஒஹாயோவில் யார் விருந்து வைத்தார்கள் என்பதல்ல, அவர் ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது.

அதற்கென்றே வேல்ஸில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பெரும்பாலான வெளிநாட்டு வெல்ஷ் குடும்பங்களே அதை மறந்துவிடுகின்றன. ‘பாப்பிர் ப்ரோ’ என்பார்கள், வட்டாரப் பத்திரிகை. 1973-ல் கார்டிஃபில் முதலாவது வந்தது, அப்புறம் நாடு முழுக்கப் பரவியது. எழுதுகிறவர், பக்கம் கட்டுகிறவர், வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுகிறவர் எல்லாரும் அந்தந்த ஊர்க்காரர்கள், பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை, முழுக்க வெல்ஷ் மொழியில். அரசியல் அதிகம் இருக்காது. பள்ளிக்கூட நாடகத்தில் எந்தப் பிள்ளை என்ன வேடம் போட்டது, சேப்பலில் யார் பேசினார்கள், யாருக்குக் கல்யாணம், யார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார்கள், யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஒரு குறுக்கெழுத்துப் போட்டி, கசாப்புக்கடை விளம்பரம். வெளியாள் ஐந்து நிமிடத்தில் புரட்டிக் கீழே வைத்துவிடுவார். அந்த ஊரில் பிறந்தவரோ ஒரு சாயங்காலம் முழுக்க, ஒவ்வொரு பெயராக நிறுத்தி, இது இன்னாருடைய பேத்தியாக இருக்குமோ என்று வாசிப்பார்.

அபெரிஸ்ட்வித் வட்டாரத்துக்கு உள்ள இதழ் ‘அர் ஆங்கோர்’. மாமாவின் கிராமம் கொஞ்சம் தள்ளி என்றால் பக்கத்து வட்டாரத்து இதழில் வரும், எது என்று அவருக்கே தெரிந்திருக்கும். வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்புகிற வட்டார இதழ்கள் உண்டு, கணினியில் படிக்கிற வடிவில் தருகிறவையும் உண்டு. கண் நன்றாக இருக்கிறது என்றால் காகிதத்தையே வாங்குங்கள், தபாலில் வருவதற்காகக் காத்திருப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. தாமதமாக வரும், வரட்டும், அதில் அவசரச் செய்தி எதுவும் இல்லை.

அன்றன்றைய செய்திக்கு ‘கோலுக் 360’ போதும், 2009-லிருந்து வெல்ஷ் மொழியில் வருகிறது, காசு கட்ட வேண்டியதில்லை. நீங்களும் படிக்க வேண்டும் என்றால் ஆங்கிலத்தில் ‘நேஷன் டாட் கம்ரி’ இருக்கிறது.

தொலைக்காட்சியில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். எஸ்ஃபோர்சி என்பது 1982-லிருந்து ஓடுகிற வெல்ஷ் மொழிச் சேனல், அதன் நிகழ்ச்சிகளில் ஒரு பகுதியை வெளிநாட்டிலிருந்தும் பார்க்கலாம், பெரிய விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் உரிமைச் சிக்கலால் வராது. பிபிசி ஐபிளேயர் பிரிட்டனுக்கு வெளியே வேலை செய்யாது. விபிஎன் போட்டால் வருமே என்று யாராவது சொல்வார்கள், அது விதிக்கு விரோதம் என்பது ஒரு பக்கம், வாரத்துக்கொரு தடவை அறுந்துபோகிற இணைப்பை வயதானவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வேலைக்குப் போனால் நாள் முழுக்க உங்களுக்கு போன்தான் வரும்.

டொராண்டோவில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. மெல்ரோஸ் அவென்யூவில் டெவி சாண்ட் என்ற வெல்ஷ் தேவாலயம், செயின்ட் டேவிட் சங்கம், வெல்ஷ் ஆண்கள் பாடகர் குழு, இவை தவிர ஒன்டாரியோ முழுக்க உள்ளவர்கள் வசந்த காலத்தில் ஏதாவது ஒரு நகரத்தில் கூடுகிற ஒன்டாரியோ வெல்ஷ் விழா. பழைய அறிவிப்புகள்தான் கண்ணில் படுகின்றன என்று எழுதியிருந்தீர்கள், அதற்குக் காரணம் எளிது: பொதுவாக இந்தச் சங்கங்களை நடத்துகிறவர்கள் ஓய்வுபெற்றவர்கள், இணையதளம் போட்டுக்கொடுத்த பையன் வேறு ஊருக்குப் போயிருப்பான். தளம் தூங்குகிறது என்றால் சங்கம் தூங்குகிறது என்று அர்த்தமில்லை. போன் செய்யுங்கள். இன்னும் நல்லது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே தேவாலயத்துக்குக் கூட்டிப்போங்கள். மாமாவுக்குக் கடவுள் பக்தி இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை, ஆராதனைக்குப் பிறகு டீக்கோப்பையோடு நிற்கிற நேரத்தில் கார்டிகன்ஷரில் (அபெரிஸ்ட்வித் இருக்கிற வட்டாரம்) எங்கே, எந்தப் பண்ணை என்று யாராவது ஆரம்பித்தால் போதும்.

முதல் தடவை போவதற்கு மார்ச் 1-ஐ ஒட்டிய வாரக்கடைசி சரியான நேரம். அன்று வேல்ஸின் காவல் புனிதரான டேவிட்டின் நாள், எங்கே வெல்ஷ்காரர்கள் இருந்தாலும் அங்கே ஒரு விருந்தோ பாட்டோ இருக்கும், வருடம் முழுக்க முகம் காட்டாதவர்கள்கூட டாஃபடில் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவார்கள். அதே காலத்தில்தான் ஆறு நாடுகள் ரக்பியும் நடக்கும். மாமாவுக்கு ரக்பி பிடிக்கும் என்றால், எந்த பப்பில் கூடிப் பார்க்கிறார்கள் என்று சங்கத்தில் கேளுங்கள். தேவாலயத்துக்கு வராத இளைய கூட்டம் அங்கேதான் இருக்கும்.

பெரிய நிகழ்ச்சி என்றால் வட அமெரிக்க வேல்ஸ் விழா. வருடத்துக்கு ஒரு நகரம், லேபர் டே வாரக்கடைசி, வியாழன் தொடங்கி ஞாயிறு வரை, எல்லாம் ஒரு ஹோட்டலை மையமாக வைத்து. 2022-ல் ஃபிலடெல்ஃபியா, 2023-ல் நெப்ராஸ்காவின் லிங்கன், 2024-ல் பிட்ஸ்பர்க்; கால்கரியில் 2016-ல் நடந்தது. இதன் வேர் 1929-ல் நயாகரா நீர்வீழ்ச்சியின் கோட் தீவில் இருக்கிறது, ஒஹாயோவின் யங்ஸ்டவுன்காரர்கள் முன்னின்று கூட்டிய பாட்டுக் கூட்டம் அது. உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம்தான், மாமாவை ஒரு நாள் அந்த இடத்துக்குக் கூட்டிப்போகலாம்.

அந்தப் பாட்டுக் கூட்டத்துக்குப் பெயர் ‘கமான்வா கானி’. விழாவின் ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான். மேடையில் பாடகர், கீழே பார்வையாளர் என்கிற கதை கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் பாட வேண்டும், குரலுக்கு ஏற்றபடி சொப்ரானோ ஒரு பக்கம், ஆல்ட்டோ ஒரு பக்கம், டெனர், பாஸ் என்று பிரித்து உட்காரவைப்பார்கள், நடுவில் நடத்துநர். டெனர்கள் இழுத்தடிக்கிறார்கள் என்று தோன்றினால் நிறுத்தி அவர்களை மட்டும் மறுபடி பாடவைப்பார், கிண்டலடிப்பார், எல்லாரையும் சேர்ப்பார், கடைசிச் சரணம் நன்றாக வந்துவிட்டால் இன்னொரு தடவை, அதுவும் போதாதென்று இன்னொரு தடவை. பேச ஆளில்லாமல் இருந்த மனிதருக்கு நூற்றுக்கணக்கான குரல்களின் நடுவே உட்கார்ந்து சொந்த மொழியில் வாய்விட்டுப் பாடக் கிடைக்கிறது, என்னைக் கேட்டால் மற்ற எல்லா நிகழ்ச்சியையும் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது. உங்களுக்கு ராகம் வராது, மொழி தெரியாது என்றாலும் போய் உட்காருங்கள், பாஸ் பக்கத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் நெஞ்சுக்கூடே அதிரும்.

வேல்ஸுக்கே ஒரு தடவை போய்வர முடியுமா என்றும் யோசியுங்கள். தேசிய ஐஸ்டெத்வொட், அதாவது வெல்ஷ் மொழியில் நடக்கும் கவிதை, இசைப் போட்டி விழா, ஆகஸ்டு முதல் வாரத்தில், ஒரு வருடம் வடக்கு, அடுத்த வருடம் தெற்கு என்று மாறி மாறி நடக்கும். 2025-ல் ரெக்ஸம்; 2026 விழா பெம்ப்ரோக்‌ஷரில் கார்டிகன் ஊருக்குப் பக்கம், மாமாவின் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. 1176-ல் கார்டிகன் கோட்டையில் ரீஸ் இளவரசர் கூட்டிய கவிஞர் போட்டியைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள், ஆக 850-ஆவது ஆண்டு. போக முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை நடக்கும் நாற்காலிச் சடங்கை மட்டுமாவது எஸ்ஃபோர்சியில் தேடிப் பாருங்கள், டொராண்டோ நேரம் ஐந்து மணி பின்னால், அங்கே பிற்பகல் என்றால் உங்களுக்குக் காலை. எதுகை மோனையை நம் வெண்பாக்காரர்களைப் போலக் கறாராகப் பார்க்கிற மரபுக் கவிதைக்கான பரிசு அது. கவிஞர் புனைபெயரில் அனுப்பியிருப்பார், எக்காளம் ஊதியதும் அந்தப் பெயருக்குரியவர் எழுந்து நிற்க வேண்டும், அதுவரை பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. மேடையில் பெரிய வாளை உறையிலிருந்து பாதி இழுத்து, சமாதானம்தானா என்று மூன்று தடவை கேட்பார்கள், கூட்டம் மூன்று தடவையும் சமாதானம் என்று கத்தினால்தான் கவிஞரை நாற்காலியில் உட்காரவைப்பார்கள். உங்கள் மகளுக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

மகளுக்கு மொழி ஆசை வந்தால் டுவோலிங்கோவில் வெல்ஷ் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் தாத்தா இருக்கும்போது அதை நம்பிக் கிடக்க வேண்டாம். தாத்தாவிடம் ஒரு சின்னக் கவிதையைக் கற்றுக்கொண்டு ஒப்பிக்கட்டும், வட அமெரிக்க விழாவிலும் ஒரு குட்டி ஐஸ்டெத்வொட் உண்டு, சிறுவர்களுக்கும் போட்டி இருக்கும். பெரியவர்களுக்கு கம்டெய்தாஸ் மாடோக் என்ற அமைப்பு 1977-லிருந்து வட அமெரிக்காவில் ஒரு வார வகுப்பு நடத்துகிறது, உங்கள் கணவருக்கு அப்பாவின் மொழி வராது என்றால் அவரை அனுப்புங்கள்.

இன்னொன்று, படகோனியா. 1865-ல் மிமோசா கப்பலில் லிவர்பூலிலிருந்து போய் அர்ஜென்டினாவில் இறங்கியவர்களின் வம்சம் சூபுட் பள்ளத்தாக்கில் இன்னும் வெல்ஷ் பேசுகிறது, வெல்ஷ் பள்ளிக்கூடம் நடத்துகிறது, ஒவ்வொரு அக்டோபரிலும் ட்ரெலியூ ஊரில் ஸ்பானிஷும் வெல்ஷும் கலந்து ஐஸ்டெத்வொட் நடத்துகிறது. மாமாவிடம் பேச்சுக் கொடுக்க விஷயம் வேண்டும் என்றால் இதை ஆரம்பித்துப் பாருங்கள்.

அப்புறம் பணக் கணக்கு. வட அமெரிக்க விழாவுக்குப் போவதாக இருந்தால் ஹோட்டல் அறையை விழாக்காரர்கள் சொல்கிற சலுகைக் கட்டணத்தில் சீக்கிரமே பிடித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிடும். அமெரிக்க நகரம் என்றால் அதற்கும் முன்னால் மாமாவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு எவ்வளவு ஆகும் என்று விசாரியுங்கள், ஒன்டாரியோ ஹெல்த் கார்டு எல்லைக்கு அந்தப் பக்கம் அநேகமாக உதவாது, வயதும் பழைய வியாதியும் சேர்ந்தால் பிரீமியம் ஹோட்டல் செலவையே தாண்டலாம். அப்படித் தாண்டினால் அந்த வருடம் ஒன்டாரியோ விழாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கேயும் கமான்வா கானி உண்டு.