இன்னொரு பூமியில் நம் ஹீரோக்கள்: கேள்வி பதில்

இணை உலகத்து சூப்பர்ஹீரோக்கள், வில்லன்கள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: ஒரே ஹீரோ ரெண்டு உலகத்தில் இருக்கலாம் என்பதை முதலில் ஆரம்பித்தது யார்?

எல்லோரும் சொல்வது 1961-ல் வந்த ஃப்ளாஷ் 123-வது இதழ். கார்ட்னர் ஃபாக்ஸ் எழுத்து, கார்மைன் இன்ஃபன்டினோ ஓவியம். அதற்கு முன்பே 1953-ல் வொண்டர் வுமன் 59-வது இதழில் அவள் தன்னைப் போலவே இருக்கும் ஒருத்தியை இன்னொரு உலகத்தில் சந்திக்கிறாள், ஆனால் அது ஒரு இதழோடு போய்விட்டது.

ஃப்ளாஷ் கதைக்கு ஒரு தேவை இருந்தது. 1940-ல் வந்த ஜே கேரிக்தான் முதல் ஃப்ளாஷ், அதிவேகமாக ஓடும் ஹீரோ. போர் முடிந்தபின் சூப்பர்ஹீரோ கதைகளுக்கு மவுசு குறைந்து அவர் காணாமல் போனார். 1956-ல் பேரி ஆலன் என்ற புது ஃப்ளாஷைக் கொண்டுவந்தபோது, பேரி சின்ன வயதில் ஜே கேரிக்கின் காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர் என்று எழுதிவிட்டார்கள். அதாவது பேரியின் உலகத்தில் ஜே வெறும் கதாபாத்திரம். அப்புறம் இருவரையும் எப்படிச் சந்திக்க வைப்பது? பேரி தன் உடம்பை அதிவேகமாக அதிர வைத்து இன்னொரு பூமிக்குள் நழுவிவிடுகிறார், அங்கே ஜே நிஜமாகவே வாழ்கிறார், நம் பூமியின் எழுத்தாளர் கார்ட்னர் ஃபாக்ஸ் தூக்கத்தில் அந்த உலகத்தைப் பார்த்துத்தான் கதை எழுதியிருக்க வேண்டும் என்று கதைக்குள்ளேயே பேரி சொல்கிறார். எழுதுகிறவரே தன்னைக் கதைக்குள் வைத்து முடிச்சை அவிழ்த்த அந்த இடம் எனக்கு இன்றும் பிரமிப்பு.

கேள்வி: எர்த்-2 சூப்பர்மேனும் நம் சூப்பர்மேனும் ஒரே ஆள்தானே? எதற்கு ரெண்டு?

எர்த்-2 என்பது ஜே கேரிக் வாழும் அந்த இன்னொரு பூமி. ஒரே வேர், வேறு வாழ்க்கை. எர்த்-2-ல் அவருடைய பிறவிப் பெயர் கால்-எல் என்பதிலேயே ஆங்கில எழுத்துக்கூட்டல் கொஞ்சம் மாறும், வேலை டெய்லி பிளானட் பத்திரிகையில் இல்லை, டெய்லி ஸ்டாரில். இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், எர்த்-2-ல் காலம் ஓட அனுமதி இருந்தது.

முதன்மைக் கதையில் சூப்பர்மேனுக்கு வயது ஏற விடமாட்டார்கள், லோயிஸ் காதல் வருடக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். எர்த்-2-ல் அந்தக் கட்டு இல்லை. 1978-ல் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 484-ல் அவருக்கும் லோயிஸுக்கும் நடந்த கல்யாணத்தைச் சொன்னார்கள். அங்கே பேட்மேன் கேட்வுமனைக் கல்யாணம் செய்து, அவர்களுக்கு ஹெலனா என்ற மகள் பிறந்து, அவள் 1977-ல் ஹன்ட்ரஸ் என்ற ஹீரோ ஆனாள். 1979-ல் அட்வென்சர் காமிக்ஸ் 462-ல் அந்த பேட்மேன் செத்தே போனார். கனவு இல்லை, ஏமாற்று இல்லை, உண்மையிலேயே இறப்பு. வழக்கமான பேட்மேன் கதையில் அன்றைக்கு இதை யாரும் தொட்டிருக்க முடியாது. இணை உலகம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது ஹெலனாவைத்தான். பேட்மேன் என்ற மனிதர் ஒரு அப்பாவாக எப்படி இருந்திருப்பார் என்பது அவள் வழியாகத்தான் தெரிகிறது.

கேள்வி: எல்லா ஹீரோவும் கெட்டவர்களாக இருக்கும் உலகம் எது?

எர்த்-3. 1964-ல் ஜஸ்டிஸ் லீக் 29, 30 இதழ்களில் வந்தது. சூப்பர்மேனுக்கு அல்ட்ராமேன், பேட்மேனுக்கு ஆவுல்மேன், வொண்டர் வுமனுக்கு சூப்பர்வுமன், ஃப்ளாஷுக்கு ஜானி குயிக், கிரீன் லேன்டர்னுக்கு பவர் ரிங். ஐந்து பேரும் சேர்ந்தது க்ரைம் சிண்டிகேட். அங்கே வரலாறே தலைகீழ்: அமெரிக்காவிலிருந்து கிளம்பிப்போன கொலம்பஸ் ஐரோப்பாவைக் கண்டுபிடிக்கிறார். நம் சூப்பர்மேனை வீழ்த்தும் கிரிப்டோனைட், அல்ட்ராமேனுக்கு ஒவ்வொரு முறையும் புது சக்தி கொடுக்கும். நம் சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் அந்த உலகத்தில் நல்லவர் என்பது பின்னால் 1982-ல் சேர்ந்தது.

நேர்மையாகச் சொன்னால் 1964 கதை விளையாட்டு மாதிரிதான் இருக்கும், சட்டையைப் புரட்டிப் போட்டதுபோல. இதற்கு உயிர் வந்தது 2000-ல் கிரான்ட் மாரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் சேர்ந்து செய்த ஜேஎல்ஏ: எர்த் 2-ல். (பெயரில் 2 இருந்தாலும் உள்ளே இருப்பது க்ரைம் சிண்டிகேட், குழம்பாதீர்கள்.) வழக்கமான கதையில் அப்பா அம்மா கொல்லப்பட, பிழைத்த சிறுவன் புரூஸ் வேய்ன்தான் பேட்மேன். இதில் ஆவுல்மேன் புரூஸ் இல்லை, அவன் அண்ணன் தாமஸ். அந்த உலகத்தில் செத்தது அம்மாவும் புரூஸும், அப்பா பிழைத்து கோத்தம் போலீஸ் கமிஷனர் ஆகிவிட்டார், தாமஸ் குற்றவாளியாக மாறியதே அப்பாவைப் பழிவாங்கத்தான். அதே குடும்பம், அதே துயரம், பிழைத்த ஆள் மட்டும் மாறியதும் எல்லாமே எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

கேள்வி: பிசாரோ, ரிவர்ஸ் ஃப்ளாஷ் இவர்களும் இந்தக் கணக்கில் வருவார்களா?

வரமாட்டார்கள். பிசாரோ 1958-ல் ஒரு நகலெடுக்கும் கருவியின் கோளாறில் உருவான, இளவயது சூப்பர்மேனின் பிரதி. ஃப்ளாஷின் எதிரியான ரிவர்ஸ் ஃப்ளாஷ் எதிர்காலத்திலிருந்து வந்தவர், 25-ஆம் நூற்றாண்டு, அதே பூமி.

கேள்வி: மைல்ஸ் மொராலெஸ், பீட்டர் பார்க்கரின் இணை உலக வடிவம்தானே? நண்பனோடு பெரிய சண்டையே நடந்தது.

உங்கள் நண்பர் ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னது சரி. மார்வெலின் முதன்மை உலகம் எர்த்-616. மைல்ஸ் வந்தது எர்த்-1610, அதாவது 2000-ல் தொடங்கிய அல்டிமேட் உலகம். அங்கே ஒரு பீட்டர் இருந்தார், அவர்தான் 616 பீட்டருக்கு இணை. 2011-ல் அவர் இறந்ததும் ஸ்பைடர்மேனாக அந்த இடத்துக்கு வந்தவர் மைல்ஸ், ஆகவே அவர் வாரிசு. 2015-ல் வந்த சீக்ரெட் வார்ஸ் கதை முடிந்தபின் முதன்மை உலகத்துக்கு வந்துவிட்டார். மைல்ஸுக்கே 616-ல் ஒரு இணை உண்டு, வயதில் மூத்தவர், குற்றக் கும்பல் தலைவன் கிங்பின்னோடு பழகிய குற்ற உலக ஆள்.

பீட்டரின் காதலி க்வென் வேறு வகை. 2014-ல் அறிமுகமான எர்த்-65-ல் சிலந்தி கடித்தது க்வென் ஸ்டேசியை. அங்கே லிசார்ட் என்ற பல்லி அரக்கனாக மாறி இறப்பது பீட்டர். டேர்டெவில் ஆக வேண்டிய மாட் மர்டாக் அங்கே வில்லன். 616-ல் செத்துப்போன பெண் இங்கே முகமூடி போட்டு, பீட்டரைக் காப்பாற்ற முடியாத குற்ற உணர்ச்சியைச் சுமக்கிறாள். ஸ்பைடர்மேன் கதையின் மையமே அந்தக் குற்ற உணர்ச்சிதான் என்பதால்தான் இது இவ்வளவு பொருந்துகிறது.

கேள்வி: ஹீரோ வில்லனாக மாறியதில் உங்களுக்குப் பிடித்தது? பேட்மேன் ஹூ லாஃப்ஸ் என்று சொல்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இல்லை. 2017 மெட்டல் கதையில் அவன் முதலில் வந்தபோது தோற்றம் மிரட்டியது, உண்மை. ஆனால் ஜோக்கர் நஞ்சு ஏறிய பேட்மேன் என்பதைத் தாண்டி அவனிடம் ஒன்றும் இல்லை, அதையே நீட்டிக்கொண்டே போனார்கள்.

என் தேர்வு மேக்கர். ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸின் அல்டிமேட் உலக வடிவம். 616 ரீடிடம் எப்போதும் ஒரு ஆபத்து உண்டு, தன் அறிவுக்கு முன்னால் மற்றவர்கள் கண்ணில் படமாட்டார்கள், அவரைப் பிடித்து நிறுத்துவது குடும்பம். அந்தப் பிடி அறுந்த ரீட்தான் மேக்கர். புதிதாக எந்தக் கெட்ட குணத்தையும் சேர்க்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை வளரவிட்டார்கள். 2023-ல் அவன் ஒரு புது உலகத்துக்குப் போய் அங்கே ஹீரோக்களே உருவாகாதபடி செய்கிறான், அதனால் அங்குள்ள பீட்டர் கல்யாணமாகி ரெண்டு குழந்தைகள் பெற்றபின்தான் ஸ்பைடர்மேன் ஆகிறார்.

கேள்வி: இவ்வளவு நல்ல உலகங்களை ஏன் 1985-ல் அழித்தார்கள்?

புது வாசகர்களுக்குக் குழப்பம் என்று சூப்பர்மேன், ஃப்ளாஷ் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் நினைத்தது. மார்வ் வுல்ஃப்மேன், ஜார்ஜ் பெரெஸ் செய்த க்ரைசிஸ் தொடரில்தான் அந்த அழிவு நடந்தது, 12 இதழ்கள், பிரமாதமான வேலை. ஆனால் அதன் விளைவு எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் ஒரே பூமியாக்கியதில் ஹெலனா வேய்ன் பிறக்கவே இல்லை என்றாகிவிட்டது, 1989-ல் வேறு ஹெலனாவை ஹன்ட்ரஸ் ஆக்கினார்கள். பவர் கேர்ள் எர்த்-2 சூப்பர்மேனின் உறவுக்காரி, அந்த உலகமே இல்லை என்றானதும் அவளுக்கு வேறு வேறு பூர்வீகம் ஒட்டவைத்து அல்லாடினார்கள். குழப்பத்தைத் தீர்க்கப் போய் புதுக் குழப்பம். கடைசியில் 2007-க்குள் பல பூமிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கேள்வி: இதுவரை எதுவும் படித்ததில்லை. எங்கே ஆரம்பிப்பது?

ஃப்ளாஷ்பாயின்ட், 2011. வழக்கமாகப் பெற்றோர் கொல்லப்படும் அந்தச் சந்தில், இங்கே துப்பாக்கிக்குப் பலியானது குட்டி புரூஸ், பிழைத்தவர்கள் பெற்றோர். அப்பா தாமஸ் வேய்ன் பேட்மேன் ஆகிறார், அம்மா மார்த்தா மனம் உடைந்து ஜோக்கர் ஆகிறாள். தாமஸ் எழுதும் ஒரு கடிதம் வரும், அதைப் பற்றி இங்கே சொல்லமாட்டேன். முன்கதை அதிகம் தெரிந்திருக்கத் தேவையில்லை. அடுத்து ஃப்ளாஷ் 123, பிறகு மாரிசனின் எர்த் 2. க்ரைசிஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த உலகங்களின் மேல் ஆசை வந்தபின் படித்தால்தான் அங்கே என்ன போகிறது என்பது உறைக்கும்.