செவ்வாய்க்கிழமை ஒரு நாள் போவதை ஏன் ‘நவநாள்’ என்கிறார்கள்? பூசையும் நவநாளும் ஒன்றா?

உங்களுடன் வேலை செய்யும் கத்தோலிக்கத் தோழி செவ்வாய்தோறும் ‘நவநாளுக்குப் போகிறேன்’ என்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கிளம்புகிறார், போவது ஒரு நாள்தானே, அது எப்படி நவநாள் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்து அந்தோனியார் கோயில் மணியோசையில் வளர்ந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சொல். இங்குள்ள ‘நவ’ நவக்கிரகத்திலும் நவதானியத்திலும் வருகிற நவ. ஒன்பது என்று பொருள். சிறு வயதில் நான் அதை ‘புதிய நாள்’ என்றே நினைத்திருந்தேன். இலத்தீனிலும் இதே குழப்பத்துக்கு இடம் இருக்கிறது: நோவெம் என்றால் ஒன்பது, நோவுஸ் என்றால் புதியது. நோவெம் என்பதிலிருந்து வந்ததுதான் நொவேனா, அதாவது ஒன்பது நாள் செபம். அதைத் தமிழில் நவநாள் என்கிறோம்.

ஏன் ஒன்பது? இயேசு உயிர்த்த 40ஆம் நாள் விண்ணேற்றம், 50ஆம் நாள் தூய ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே. இடையில் இருப்பவை ஒன்பது நாட்கள். அந்த நாட்களில் சீடர்கள் எருசலேமில் மேல்மாடி அறையில் மரியாவோடு கூடி ஒருமனதாகச் செபித்துக்கொண்டிருந்ததைத் திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரம் சொல்கிறது. வாக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, ஆனால் இன்னும் கைக்கு வரவில்லை. அந்தக் காத்திருப்புத்தான் நவநாளின் உயிர் என்று நான் நம்புகிறேன். துக்கத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21 அன்று இறந்தபோது, 26ஆம் திகதி அடக்கத் திருப்பலி தொடங்கி மே 4 வரை ஒன்பது நாள் உரோமையில் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். ஏப்ரல் 21 என்றதும் கொச்சிக்கடைக்காரர்களுக்கு 2019இன் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) நினைவுக்கு வராமல் இருக்காது. அன்று எங்கள் கோயிலுக்குள் குண்டு வெடித்தது.

பூசையும் நவநாளும் ஒன்றல்ல. பூசை, அதாவது திருப்பலி, திருச்சபையின் திருவழிபாடு. குரு இல்லாமல் அது நடக்காது. நவநாள் பக்தி முயற்சி. அதை வீட்டிலே தனியாகவும் சொல்லலாம். கோயிலில் இரண்டையும் சேர்த்து வைப்பதால், ‘நவநாள் திருப்பலி’ என்ற அறிவித்தலைப் பார்ப்பவர்களுக்கு ஒன்றுபோலத் தெரிகிறது.

செவ்வாய்க்கு வருவோம். புனித அந்தோனியார் 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை இறந்தார். பதுவை நகரில் அவரை அடக்கம் செய்தது அடுத்த செவ்வாய். அதனால்தான் செவ்வாய் அவருக்கு உரிய நாளாயிற்று. நவநாளை அடுத்தடுத்த ஒன்பது நாளாகவும் செய்யலாம், வாரம் ஒன்றாக ஒன்பது செவ்வாயாகவும் செய்யலாம். பொரளை சகல புனிதர்கள் ஆலயத்தில் புதன்கிழமைகளில் சதா சகாய மாதாவுக்கு நடப்பதுபோல, முடிவே இல்லாமல் வாராவாரம் தொடரும் நவநாளும் உண்டு. உங்கள் தோழி அந்தத் தொடரில் ஒரு கண்ணிக்குப் போகிறார். பெயர் முழுச் சங்கிலிக்கும் உரியது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பாவுக்கு வேலை போயிற்று. அம்மா ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொண்டார். குசினிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில், போய்வந்த ஒவ்வொரு செவ்வாயின் கட்டத்துக்குள்ளும் பென்சிலால் எண் எழுதுவார். ஆறு வரை எழுதியாயிற்று. ஏழாவது செவ்வாய் பகலிலேயே மழை பிடித்தது. வீதியில் முழங்காலளவு வெள்ளம். அம்மா குடையோடு வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து அழுதார். எண்ணிக்கை அறுந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அவருடைய பயம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி, ஓரம் மடிந்த செபப் புத்தகத்தை எடுத்து எங்களையும் முழந்தாளிட வைத்தார். அடுத்த வாரம் கோயிலில் குருவானவரிடம் கேட்டபோது அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “வீட்டிலே சொன்னீர்கள்தானே அம்மா, பிறகு என்ன? எட்டு என்று எழுதுங்கள்.” அன்றிரவு அம்மா வெறுமையாக இருந்த கட்டத்தில் ஏழையும் அதற்குக் கீழே எட்டையும் எழுதினார்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ‘இந்த நவநாளை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் தீமை வரும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் என்னை வருத்துகின்றன. பயமுறுத்திச் செய்விப்பது செபம் அல்ல. திருச்சபை அப்படிக் கற்பிக்கவும் இல்லை. மனம் நொந்தவர்களின் கையில் அதைக் கொடுப்பது பாவம்.

வழக்கில் ‘நவநாளுக்குப் போகிறேன்’ என்றால் கோயிலுக்கு, ‘நவநாள் சொல்கிறேன்’ என்றால் பெரும்பாலும் வீட்டில், ‘நவநாள் தொடங்கிவிட்டது’ என்றால் திருவிழாவுக்கு முந்திய ஒன்பது நாட்கள். தோழி கூப்பிட்டால் தயங்காமல் போய்வாருங்கள். கொச்சிக்கடைக்கு இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் காலங்காலமாக வருகிறார்கள். பூசையோடு சேர்ந்த நவநாளாக இருந்தால், நற்கருணை, அதாவது குரு கொடுக்கும் அப்பம், வாங்க எல்லோரும் வரிசையில் எழும்போது மட்டும் நீங்கள் உங்கள் இடத்திலேயே இருந்துகொள்ளுங்கள். மெழுகுதிரி எல்லோரும் ஏற்றலாம்.