ஒரு கணினி, இரண்டு இயங்குதளம்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: 2017இல் வாங்கிய லெப்டொப். ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏறாது, இதைத் தள்ளிவிட்டுப் புதிது எடுங்கள் என்கிறார்கள் கடையில். விண்டோஸ் 10ஐ வைத்துக்கொண்டே லினக்ஸும் போடலாமா? (தெஹிவளை)

பதில்: தாராளமாகப் போடலாம். கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதைத்தான் விண்டோஸ் 11 கேட்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதற்காக நல்ல கணினியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகைகள் இரண்டும் இலவசம், 8 ஜிபி ரேமில் நன்றாகவே ஓடும். வங்கி வேலை, மின்னஞ்சல் எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றுங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருளுக்கு மட்டும் பழையதைத் திறவுங்கள்.

நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும், ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. பிறகு விண்டோஸுக்குள்ளேயே வட்டைச் சுருக்கி 50 ஜிபி ஒதுக்குங்கள். விண்டோஸைச் சீக்கிரம் தொடங்கவைக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் நிறுத்திவிடுங்கள். பென் டிரைவை மட்டும் தெரிந்த கடையில் வாங்குங்கள். புறக்கோட்டை நடைபாதையில் 128 ஜிபி என்று நான் வாங்கியது 8 ஜிபி தாண்டியதும் கோப்புகளைக் கெடுத்தது. அதில் போன கலியாண வீடியோ இன்னும் திரும்பவில்லை.

கேள்வி: புதுக் கணினியில் எதை முதலில் போடுவது? (கொட்டாஞ்சேனை)

பதில்: விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு.

கேள்வி: லினக்ஸ் நிறுவ, கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் ஏதோ மாற்றினேன். இப்போது விண்டோஸ் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. அப்படி எதுவும் என்னிடம் இல்லை. வந்த எச்சரிக்கைகளை வாசிக்கவில்லை. கணினி பழுதா? (மட்டக்குளி)

பதில்: பழுதில்லை. உங்கள் வட்டை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லொக்கர் பூட்டி வைத்திருக்கிறது, கேட்பது அதன் மீட்புச் சாவி. பயாஸில் மாற்றியதைப் பழையபடி வைத்துப் பாருங்கள், சில வேளை கேட்காமலே திறக்கும். இல்லாவிட்டால் வேறு கணினியில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போய்த் தேடுங்கள், பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். அங்கும் இல்லையென்றால் தரவு போனதுதான், எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. எச்சரிக்கையை வாசிக்க ஒரு நிமிடம் போதும். வாசிக்காமல் அழுத்திவிட்டு என்னிடம் வருகிறவர்கள் மாதத்துக்கு மாதம் கூடுகிறார்கள்.

கேள்வி: இரண்டும் போட்ட பிறகு விண்டோஸில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்துகிறது. மதர்போர்டு பார்க்க வேண்டும், 4,500 ரூபாய் என்கிறார் கடைக்காரர். (பம்பலப்பிட்டி)

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். லினக்ஸ் கணினியின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இலங்கை நேரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம். உள்ளூர் நேரத்தையே பாவிக்கும்படி லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் சரி. மதர்போர்டில் உள்ள கடிகாரப் பற்றரி தீர்ந்திருந்தால் திகதியே பழைய ஆண்டுக்குப் போயிருக்கும்.

கேள்வி: மகன் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறான். விண்டோஸோடு லினக்ஸும் போட்டுத் தரச் சொல்லி வீட்டுக் கணினியைக் கடையில் கொடுத்தோம். திரும்பி வந்தபோது லினக்ஸ் மட்டும்தான் இருந்தது. காலமான என் கணவரின் படங்கள் எல்லாம் அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். "பக்கப் எடுக்கச் சொல்லவில்லையே" என்கிறார்கள். பற்றுச்சீட்டில் 'சேர்விஸ் 1' என்று மட்டும் இருக்கிறது. (வெள்ளவத்தை)

பதில்: அம்மா, முதலில் அந்தக் கணினியை நிறுத்திவிடுங்கள், மகனும் திறக்க வேண்டாம். நிறுவும்போது 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு', 'முழு வட்டையும் அழி' என்று இரண்டு தெரிவு வரும். அவர்கள் இரண்டாவதை அழுத்தியிருக்கிறார்கள். தவறு அவர்களுடையது, உங்களுடையதல்ல. உங்களுடையது பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால், லினக்ஸ் எழுதிய இடம் போக மிச்சத்தில் படங்கள் இருக்க நல்ல வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி என்ற புதிய வகை வட்டு என்றால் நம்பிக்கை மிகக் குறைவு. தரவு மீட்பு தெரிந்தவரிடம் வட்டைக் கழற்றிக் கொடுங்கள். முதலில் முழு வட்டையும் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் ஃபோட்டோரெக் ஓட்டச் சொல்லுங்கள், அது அழிந்த கோப்புகளைத் தேடி எடுக்கும் இலவச மென்பொருள். அதே கடையில் மட்டும் கொடுக்க வேண்டாம்.

இனி அந்தப் பற்றுச்சீட்டு. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. 'சேர்விஸ் 1', 'லெப்டொப் 1' என்று எழுதித் தருவது, பின்னால் எதையும் மறுப்பதற்கு வசதியாகத்தான். 8 ஜிபி ரேம் என்று சொல்லி எனக்கு விற்ற ஒரு பழைய லெப்டொப்பில் 4 ஜிபிதான் இருந்தது. திரும்பப் போனபோது, "8 என்று யார் சொன்னது?" என்று கேட்டார் விற்றவரே. என் கையில் இருந்த தாளில் 'லெப்டொப் 1'. அதற்கு மேல் நான் என்ன பேசுவது? கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமே சொல்கிறது. அதில் மொடல், ரேம், வட்டின் அளவு, விண்டோஸ் உரிமம் உண்டா இல்லையா என்று எழுதச் சொல்லுங்கள். திருத்தக் கொடுத்தால் 'தரவு அழியக்கூடாது, விண்டோஸ் இருக்க வேண்டும்' என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் கணினியைக் கொடுக்காதீர்கள்.

உங்களிடம் அந்த வரி இல்லாவிட்டாலும் முறைப்பாடு செய்யலாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள். வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதியையும், கடையோடு பேசிய வட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அவற்றையும் இணையுங்கள். படங்கள் கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அம்மா.