முள்ளோடையைத் தாண்டினால் பள்ளியையும் மாற்றவேண்டுமா?

கேள்வி: கடலூரில் இருக்கிறோம். கணவருக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்திருக்கிறது. வரும் ஜூனில் மகள் 10ஆம் வகுப்பு, மகன் 7ஆம் வகுப்பு. இருவரும் அரசுப் பள்ளி. வீட்டோடு சேர்த்துப் பள்ளியையும் மாற்றிவிடலாமா?
*– வாசகி, மஞ்சக்குப்பம்*

பதில்: மகளை இப்போது அசைக்கவே அசைக்காதீர்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அந்த வாரியம் 9, 10 இரண்டையும் சேர்த்து ஒரே ஈராண்டுப் படிப்பாகப் பார்க்கிறது. வேறு வாரியத்தில் 9 முடித்த பிள்ளை நேரே 10இல் சேர, குடும்பம் இடம் மாறியதற்கான சான்றுகளைக் காட்டி வாரியத்தின் அனுமதி வாங்கவேண்டும். சிபிஎஸ்இயில் கல்வியாண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும் என்பதால், ஜூனில் போனால் முதல் பாடங்கள் நடந்து முடிந்திருக்கும். பொதுத்தேர்வு ஆண்டில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு சுமை எதற்கு?

மகன் விஷயத்தில்தான் நிதானமாகக் கணக்குப் போடவேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய்க்கும் இங்கே 6 முதல் 12 வரை படித்திருக்கவேண்டும். இடையில் ஒரே ஒரு ஆண்டு புதுச்சேரியில் படித்தாலும் இந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். பிறகு திரும்பி வந்து சேர்ந்தாலும் ஒட்டாது.

அந்தப் பக்கம் என்ன கிடைக்கும்? புதுச்சேரி ஒதுக்கீட்டு இடங்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். அதற்குத் தொடர்ந்து 5 ஆண்டுகள் அங்கே குடியிருந்திருக்கவேண்டும். 7ஆம் வகுப்பில் போகிற பிள்ளை 12 முடிப்பதற்குள் 5 ஆண்டு நிறைந்துவிடும். 9ஆம் வகுப்பில் போனால் 4 ஆண்டுதான் ஆகியிருக்கும். இங்கே தொடர்ச்சி போய்விட்டது, அங்கே ஆண்டுக்கணக்கு நிறையவில்லை என்று இரண்டுங்கெட்டான் நிலையில் பிள்ளை நிற்கும். புதுச்சேரியிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. ஆனால் கடலூர்ப் பள்ளியில் படித்த ஆண்டுகள் அதற்குச் சேராது, ஆகவே அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். சாதிச் சான்றிதழும் அப்படித்தான்: ஒரு மாநிலத்தில் வாங்கியது அடுத்த மாநிலத்து ஒதுக்கீட்டுக்குப் பொதுவாகச் செல்லாது.

நிரந்தரமாகப் புதுச்சேரியில்தான் வாழப்போகிறீர்கள் என்றால் மகனை 7ஆம் வகுப்பிலேயே மாற்றுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வேலை எத்தனை நாளைக்கு என்று தெரியாவிட்டால், ரெட்டிச்சாவடிப் பக்கம் வீடு பாருங்கள். மாநில எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கம் என்பதால் முகவரி தமிழ்நாட்டிலேயே இருக்கும். கணவர் வடக்கே பஸ் ஏறலாம், பிள்ளைகள் தெற்கே வந்து பழைய பள்ளியிலேயே படிக்கலாம். எங்கள் யோசனை இதுதான்.

கேள்வி: விழுப்புரத்திலிருந்து கடலூருக்கு வருகிறோம். மகள் 4ஆம் வகுப்பு. கட்டணப் பாக்கியைக் காட்டித் தனியார் பள்ளி டிசி (மாற்றுச் சான்றிதழ்) தர மறுக்கிறது. டிசி இல்லாமல் சேர்க்க முடியாதா?
*– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்*

பதில்: சேர்க்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, டிசி வரத் தாமதமானதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது. கட்டணப் பாக்கி என்று டிசியில் எழுதக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் சொல்லியிருக்கிறது. பாக்கி பள்ளிக்கும் உங்களுக்கும் இடையிலான கடன், அதைப் பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது. ஆனால் கடன் கடன்தான், தவணை கேட்டு எழுதிக்கொடுங்கள். டிசி கேட்கும் கடிதத்தையும் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபால்.

பலர் கோட்டைவிடுவது வேறோர் இடத்தில். டிசி காகிதம் கைக்கு வந்தால் போதாது. பழைய பள்ளி, தமிழ்நாட்டு மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கவேண்டும். அப்போதுதான் புதிய பள்ளி அங்கிருந்து பெயரை எடுத்துக்கொள்ள முடியும். விடுவிக்காவிட்டால் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், ஆனால் பதிவேட்டில் விழுப்புரத்து மாணவியாகவே இருக்கும். உதவித்தொகையில் சிக்கல் வரும். எமிஸ் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள், நாடு முழுமைக்குமான யூடைஸ் தளத்தின் நிரந்தரக் கல்வி எண்ணையும், கல்வி அலுவலரின் மேலொப்பம் பெற்ற டிசியையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

டிசி வந்ததும் அங்கேயே நின்று பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இப்போது தலைமையாசிரியரிடம் எளிதாகத் திருத்தலாம். 10ஆம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் மாதக்கணக்கில் அலைய நேரும்.

கேள்வி: புதுச்சேரியில் மகன் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு படித்தான். தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது. கடலூரில் 7ஆம் வகுப்பில் சேர்க்கிறோம். சமாளிப்பானா?
*– வாசகி, லாஸ்பேட்டை*

பதில்: சமாளிப்பான், ஆனால் இந்தக் கோடை விடுமுறையை விடக்கூடாது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்கும் சட்டப்படி 10 வரை தமிழ் கட்டாயம். சிபிஎஸ்இ பள்ளியில் சேர்த்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அவர்களுக்கும் இது பொருந்தும்.

7ஆம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் திணித்தால் வெறுத்துவிடுவான். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 2, 3ஆம் வகுப்புத் தமிழ் நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். தினம் 20 நிமிடம் வாய்விட்டு வாசிப்பு, 10 நிமிடம் சொல்வதெழுதுதல். பேச்சுத் தமிழ் தெரிந்த பிள்ளைகள் தடுக்கி விழுவது ல-ள-ழ, ன-ண-ந, ர-ற எழுத்துகளில்தான். காதில் பல ஒன்றுபோலவே விழும். ஆகவே விதி சொல்லாமல் சொல்லாகவே பழக்குங்கள்: அரை–அறை, பனி–பணி, வலி–வழி. ‘வந்துச்சு’ என்று பேசுவதை ‘வந்தது’ என்று எழுதப் பழகவே சில வாரம் ஆகும், அதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். சேர்க்கும்போதே தமிழாசிரியரிடம் நிலைமையைச் சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால் சோம்பேறி என்று எண்ணிவிடுவார்.

கேள்வி: கடலூரில் வாடகை வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?
*– வாசகர், நெய்வேலி*

பதில்: தண்ணீரை. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகியபோது தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டிலும் பெட்டிக்கடையிலும் கேளுங்கள். வீடும் பள்ளியும் ஆற்றுக்கு ஒரே கரையில் இருப்பது நல்லது. குடிபோன அன்றே டிசி நகல், சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியலை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வையுங்கள்.