வாசகர் கேள்வி – பதில்: இந்தியாவை ஒன்றாக்கியது யார்?

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் பேரன், “இந்தியா என்ற நாடே ஆங்கிலேயர் உருவாக்கியதுதானே, தாத்தா?” என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது?
– வாசகர், ஈசூன்

பதில்: ஒரே அரசின்கீழ் அமைந்த இந்தியா புதியது என்பதை அவனிடம் மறைக்க வேண்டியதில்லை. அசோகரே தம் கல்வெட்டுகளில் சோழரையும் பாண்டியரையும் தம் ஆட்சி எல்லைக்கு அப்பால் இருந்தவர்களாகத்தான் குறிப்பிடுகிறார். ஆனால் ஆங்கிலேயரும் அந்த வேலையை முடித்துக் கொடுக்கவில்லை. 1947இல் நாட்டை இரண்டாகப் பிரித்ததோடு, 560க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் எந்தப் பக்கம் சேர்வது என்ற சிக்கலையும் விட்டுவிட்டே கப்பலேறினர். வல்லபாய் பட்டேலும் அவருடைய துறைச் செயலாளர் வி.பி. மேனனும் அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பேசியே இணைத்தனர். ஐதராபாத்துக்கு 1948 செப்டம்பரில் படை அனுப்ப நேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரி 1954இலும், போர்த்துகீசியர் வசமிருந்த கோவா 1961இலும்தான் வந்து சேர்ந்தன.

ஆயினும் அந்த நிலப்பரப்பை ஒன்றாகக் கண்ட பார்வை மிகப் பழையது. புறநானூற்றின் ஆறாம் பாடலில் காரிகிழார், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை வாழ்த்தும்போது, வடக்கே பனி படர்ந்த நெடுமலையையும் தெற்கே குமரியையும் எல்லைகளாகச் சொல்கிறார். சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன், பொதிய மலையில் கல்லெடுத்துக் காவிரியில் நீராட்டுவது தன் குடிக்குப் பெருமையாகாது என்று கூறி, கண்ணகியின் படிமத்துக்கான கல்லை இமயத்தில் எடுத்துக் கங்கையில் நீராட்டுகிறான். வழியில் வடபுலத்து மன்னரோடு போரிட்ட கதையும் அதில் உண்டு. அதை வெறும் ஒற்றுமைக் கதையாகப் பூசி மெழுகக் கூடாது. இமயமும் கங்கையும் தமிழ் மன்னனின் மனத்தில் அந்நியமாக இல்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

மன்னர்களை விட யாத்திரிகர்கள் இதில் அதிகம் சாதித்தார்கள் என்பது என் கருத்து. காசிக்குச் சென்றவர் ராமேசுவரத்துக்கும் போக வேண்டும் என்ற வழக்கம் எந்த அரசாணையாலும் ஏற்பட்டதன்று. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் காசியில் மடம் நிறுவினார். நம் சிங்கப்பூரின் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 1859இல் எழுப்பிய நகரத்தார் சமூகத்துக்குக் காசியிலும் சத்திரம் உண்டு.

யாத்திரை மட்டுமே ஒரு குடியரசைத் தந்துவிடாது. அதற்கு ரயிலும் செய்தித்தாளும் அரசியல் இயக்கமும் தேவைப்பட்டன. 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சென்னையிலிருந்து சென்ற ஜி. சுப்பிரமணிய ஐயர். நம் ஊரின் பங்கையும் பேரனிடம் சொல்லுங்கள்: 1943 அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில்தான் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராத மலாயாத் தோட்டத் தமிழர் பலர், அவரது இந்திய தேசிய ராணுவத்தில் பஞ்சாபியரோடு ஒரே படையாக நின்றனர்.

சுதந்திரத்துக்குப் பின் அந்த ஒற்றுமை நிலைத்ததற்கு, 1956இல் மாநிலங்களைப் பெரும்பாலும் மொழிவாரியாகப் பிரித்தது முக்கியக் காரணம் என்பேன். மொழிக்கு இடம் கொடுத்தால் நாடு சிதறும் என்று அஞ்சியவர்கள் அன்று பலர், நடந்ததோ வேறு. 1965இல் தமிழகத்தில் இந்தித் திணிப்புக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியும், ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் சாஸ்திரி உறுதியளித்த பின் தணிந்தது; 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது.

கேள்வி: இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச் சின்னம் இன்னும் இங்கே இருக்கிறதா?
– வாசகி, பிடோக்

பதில்: 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய மூலச் சின்னத்தை, அவ்வாண்டே திரும்பி வந்த ஆங்கிலேயர் தகர்த்துவிட்டனர். அது நின்ற இடத்தைக் குறிக்கும் பலகை 1995இல் எஸ்பிளனேட் பூங்காவில் அமைக்கப்பட்டது. சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம்.