தமியா மேனுவலும் பொருந்தாத ஸ்க்ரூவும்

நண்பரே, ஜப்பானிய மாடல் கம்பெனி தமியாவின் பழைய ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) கார் கிட் வாங்கி, தொலைந்த மேனுவலுக்குப் பதில் பிடிஎஃப்பை பிரிண்ட் போட்டிருக்கிறீர்கள். படத்தின்மேல் வைத்தால் ஒரு ஸ்க்ரூவும் பொருந்தவில்லை என்கிறீர்கள். கிட்டை விடுங்கள், எனக்கு பிரிண்டர் மேல்தான் சந்தேகம். தமியா மேனுவலில் ஸ்க்ரூ படங்கள் நிஜ அளவிலேயே இருக்கும். தாளுக்குள் அடங்கும்படி பிரிண்ட் எடுத்தால் எல்லாம் சுருங்கிவிடும். 100 சதவீதத்தில் எடுங்கள். ஆனால் ஸ்கேன் செய்த புண்ணியவான் எப்படிச் செய்தாரோ, அதையும் முழுசாக நம்ப முடியாது.

அதைவிட சிங்கப்பூர் ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில், மில்லிமீட்டர் துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் வாங்கி ஸ்க்ரூவை அளந்துவிடுங்கள். மேனுவலில் 3x10 என்றால் 3 மி.மீ. தடிமன், 10 மி.மீ. நீளம். உருண்டைத் தலை என்றால் தலைக்குக் கீழே அளக்கணும். குழிக்குள் சமமாக உட்காரும் தட்டைத் தலை என்றால் தலையையும் சேர்த்து. நிறைய பேர் குழம்புவது இங்கேதான்.

சில கிட்களில் ஒரு துண்டுக் காகிதத்தோடு ‘மிச்சம் உன் சமத்து’ என்று விட்டுவிடுவார்கள். தமியா எவ்வளவோ தேவலை. ஆனாலும் ஒன்று: ஸ்க்ரூ கழன்றுவிடாமல் பிடிக்கும் பசையான த்ரெட்லாக்கை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும் போடுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.